ஒரே மரம், மூன்று கிண்ணங்கள், இரண்டு வெடிப்புகள்

ஒரே மாமரம். கட்டையைச் சுழற்றிக் கடைய ஒரே லேத், ஒரே உளி, ஒரே ஆள். அதிலிருந்து, ஈரம் காயாமல் பச்சையாகக் கடைந்த மூன்று கிண்ணங்களில் ஒன்றுதான் முழுதாகத் தேறியது. மற்ற இரண்டும் உலரும்போது வெடித்தன. கடைந்தவர் என் நண்பர். வீட்டில் ஒரு நடுத்தர லேத் வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கடைசல் பழகுகிறவர். வெடித்ததைத் தூக்கி எறியாமல் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். அதனால்தான் அவற்றை அறுத்துப் பார்க்க முடிந்தது.

‘மாங்கட்டை வெடிக்கும்’ என்பது அவர் எடுத்திருந்த முடிவு. கடைசலில் பழியை மரத்தின் மேல் போடுவது எளிது. ஆனால் அதே மரத்தின் ஒரு கிண்ணம் விரிசலின்றி வந்திருக்கிறதே, அதற்கு இந்த முடிவில் விடை இல்லை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, மூன்றின் தலையெழுத்தும் உலர்த்தும் பைக்குள் போவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது புரிந்தது.

கட்டையும் அறுப்பும்

அடிமரத் துண்டு சுமார் 330 மி.மீ. விட்டம். வெட்டிய பிறகு இரண்டு வாரம்போல நிழலில் கிடந்திருக்கிறது. வெட்டுமுகங்களில் மெழுகோ பெயிண்டோ பூசவில்லை. மரம் நீரை மேலும் கீழும் கடத்துவதற்கென்றே அமைந்தது. நார்க் குழல்கள் வாய் திறந்து நிற்கும் வெட்டுமுகத்தின் வழியாக ஈரம் வெளியேறும் வேகம், பக்கவாட்டில் வெளியேறுவதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் இரண்டு முனைகளிலும் மயிரிழை விரிசல்கள் வந்துவிட்டன. நண்பர் இரண்டு பக்கமும் விரிசல் மறையும்வரை துண்டு போட்டுக் கழித்துவிட்டார். அது சரியான வேலை. அந்த விரிசல்களைச் சந்தேகப்பட்டு நான் முதலில் தேடியதெல்லாம் வீண்; பிறகு வந்த வெடிப்புகளுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

அந்த இரண்டு வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. மாமரத்தின் வெளுத்த பகுதியில் பூஞ்சை மிக வேகமாக ஏறும். சாம்பலும் நீலமும் கலந்த கோடுகள் கட்டைக்குள் ஓடியிருந்தன. பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். கட்டையின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அது வளராது. மரவணிகருக்கு இது குறை, கடைசல்காரருக்கு வரம். வெறும் வெளிர் மஞ்சளாக இருந்திருக்கவேண்டிய கிண்ணத்தில் மேகம் போலச் சாம்பல் நிறம் படர்ந்ததற்கு அந்த அலட்சியம்தான் காரணம் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அடிமரத்தை நீளவாக்கில் நடுவில் பிளந்து, மரத்தின் மையத்தில் ஓடும் நடுத்தண்டு இருந்த பகுதியை இரண்டு பக்கமும் ஒரு பலகை கனத்துக்கு அறுத்து எடுத்தார். மீந்த இரண்டு பாதிகளிலிருந்து ‘அ’, ‘ஆ’ என்ற கிண்ணங்கள். இரண்டுமே 250 மி.மீ. விட்டம், 100 மி.மீ. உயரம். நார் கிண்ணத்தின் குறுக்காக, ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு ஓடுகிறது. மூன்றாவதான ‘இ’ கிளையிலிருந்து வந்தது. 160 மி.மீ. விட்டமுள்ள உருண்டைத் துண்டைப் பிளக்காமல் அப்படியே லேத்தில் நிறுத்திக் குடைந்தார். அதில் நார் அடியிலிருந்து வாய்க்கு நிமிர்ந்து நிற்கிறது. நடுத்தண்டு கிண்ணத்தின் அடி மையத்தில் இருக்கிறது.

முதல் கடைசல்

பச்சை மரத்தைக் கடைவது தனி சுகம். குழிந்த அலகுள்ள கூரான கௌஜ் உளி பட்டதும் ஈரச் சுருள்கள் நீளநீளமாகப் பறந்து வரும், தூசி கிடையாது. காய்ந்த கட்டையில் அதே வேலை மூன்று பங்கு பாடு. ஆகவே பெரிய கிண்ணங்களை இரண்டு முறையாகக் கடைவார்கள்: பச்சையில் சுவரைத் தடிமனாக விட்டுக் குடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, கோணிக்கொண்டு வருவதை மறுபடி வட்டமாக்குவது.

எவ்வளவு தடிமன் விடவேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 250 மி.மீ. கிண்ணத்துக்கு 25 மி.மீ. சுவர். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் ‘ஆ’ கிண்ணத்தில் நண்பர் இதைத்தான் மீறினார்.

மரம் உலரும்போது மூன்று திசைகளிலும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. நாரின் நீளத்தில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சில சதவீதம். ஆண்டு வளையத்தைச் சுற்றிப் போகும் திசையில் அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. பச்சை மரத்திலுள்ள நீர் இரண்டு வகை. நார்க் குழல்களுக்குள் நிற்கும் நீர் முதலில் போகும். அது போகும்போது கட்டையின் எடை குறையுமே தவிர அளவு மாறாது. ஈரம் 30 சதவீதம் அளவுக்கு இறங்கிய பிறகுதான் குழல்களின் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது, சுருக்கமும் அங்கேதான் தொடங்குகிறது.

இப்போது 250 மி.மீ. வட்டம் நாருக்குக் குறுக்கே 5 சதவீதம் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். நாரின் திசையில் 250 அப்படியே நிற்கும், குறுக்கே 237 ஆகிவிடும். கிண்ணம் முட்டை வடிவம். இதிலிருந்து எடுக்கக்கூடிய மிகப்பெரிய வெளிவட்டம் 237. உள்பக்கம் 25 மி.மீ. சுவர் விட்டிருந்தால் குழிவின் விட்டம் 200; அதை வட்டமாக்க 200-க்காவது குடைந்தாகவேண்டும். மிச்சம் நிற்பது ஒரு பக்கத்துக்கு 18 மி.மீ. சொச்சம். தாராளம். அதே கிண்ணத்தில் 12 மி.மீ. சுவர் விட்டிருந்தால் குழிவு 226, மிச்சம் ஐந்தரை மி.மீ.தான். சுவர் மேலும் கீழுமாக நெளிந்தால் அதுவும் போய்விடும். பத்தில் ஒரு பங்கு என்பது இந்தக் கோணலுக்கான கையிருப்பு.

‘அ’ கிண்ணத்தில் நண்பர் விதியைச் சரியாகப் பிடித்தார். சுவர் 25, அடி 25, எங்கும் ஒரே கனம். ‘ஆ’-வில் அவசரம். சுவரை 18 மி.மீ. வரை இறக்கிவிட்டார், அடியைக் குடைய நேரமில்லாமல் 45 மி.மீ. கனத்தில் நிறுத்திவிட்டார். ‘அடியில் கனம் இருந்தால் நல்லதுதானே, பிறகு எடுத்துக்கொள்ளலாம்’ என்பது எண்ணம். எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி அங்கே இருந்தது உண்மை, அதுதான் சிக்கலும்.

உலர்த்தல்

மூன்றையும் ஒரே நாளில் காகிதப் பையில் போட்டுக் கட்டி, காற்றோட்டம் குறைந்த அறையில் வைத்தார். காகிதம் ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடும். பிளாஸ்டிக் பையானால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். சிலர் கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுவதும் மெழுகுக் கரைசல் பூசுகிறார்கள், அதுவும் நல்ல வழி.

அவர் செய்த மிக நல்ல காரியம், வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்துவைத்தது. சமையலறைத் தராசு போதும். ‘அ’ ஒன்றரைக் கிலோவில் தொடங்கி, முதல் வாரங்களில் சரசரவென்று இறங்கி, பிறகு மெதுவாகி, நான்கு மாதம்போல் ஆனதும் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிட்டது. எடை நின்றுவிட்டால் கட்டையின் ஈரமும் அறைக் காற்றின் ஈரமும் சமநிலைக்கு வந்துவிட்டன என்று பொருள். பலகைகளுக்குச் சொல்லப்படும் ‘ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு’ கணக்கு குடைந்த கிண்ணத்துக்குப் பொருந்தாது. உள்ளும் புறமும் திறந்திருப்பதால் அது விரைவில் உலர்கிறது. தராசை நம்புவது நல்லது, நாள்காட்டியை அல்ல.

‘இ’ முதலில் வெடித்தது. எடை பாதி தூரம்கூட இறங்குவதற்குள், அடி மையத்திலிருந்து ஒரு பிளவு கிளம்பிச் சுவரை ஏறி வாய் வரை போய்விட்டது. மற்றபடி மையத்தைச் சுற்றிச் சிறு நட்சத்திர விரிசல்கள்.

‘ஆ’ தாமதித்தது. எடை இறங்கும் வேகம் மெதுவாகி, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில், நாரின் முனை தெரியும் பக்கத்தில், சுவர் அடியோடு சேரும் இடத்தில் ஒரு கோடு. அடுத்த முறை எடை போட எடுத்தபோது அது பாதிச் சுவர் வரை ஏறியிருந்தது.

‘இ’ ஏன் பிளந்தது

இதற்கு விடை கணக்கிலேயே இருக்கிறது. நடுத்தண்டைச் சுற்றி முழு வட்டமாக இருக்கும் கட்டையில், சுற்றளவு ஒரு விகிதத்தில் சுருங்கப் பார்க்கிறது, ஆரம் அதில் பாதி விகிதத்தில்தான் சுருங்குகிறது. உதாரணமாகச் சுற்றுத் திசையில் 8, ஆரத் திசையில் 4 சதவீதம் என்றால், வட்டம் மூடுவதற்கு 4 சதவீதம் கட்டை பற்றாது. 360 பாகையில் அது ஏறத்தாழ 14 பாகை. இவை முழுக்க முழுக்க ஈரம் போனால் வரும் எண்கள். வீட்டுக்குள் கட்டை 12 சதவீத ஈரத்தில் நின்றுவிடும் என்றால் இதில் அறுபது சதவீதம், அதாவது எட்டு ஒன்பது பாகை. அந்த ஆப்பு வடிவ இடைவெளி எங்கேயாவது திறந்தே ஆகவேண்டும். நண்பரின் கிண்ணத்தில் வாயருகே பிளவை அளந்தபோது கோணம் கிட்டத்தட்ட அங்கேதான் நின்றது.

உலர்த்துவதில் எத்தனை பக்குவம் காட்டினாலும் தடித்த அடியில் நடுத்தண்டு இருக்கும்வரை இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது. வேகத்தைக் குறைத்தால் பிளவு தள்ளிப்போகும், அவ்வளவுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு. பச்சையிலேயே மூன்று நான்கு மி.மீ. வரை மெலிதாகக் கடைந்துவிட்டால், சுவர் முறியாமல் வளைந்து நெளிந்து இழுவிசையைத் தன் போக்கில் தீர்த்துக்கொள்ளும். நடுத்தண்டின் புள்ளியில் சொட்டுச் சொட்டாகச் சூப்பர் க்ளூ விட்டுத் தப்பிக்கவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே அமர்வில் கடைந்து முடிக்கும் மெல்லிய பாத்திரத்துக்கான வழிகள். தடிமனாக விட்டு உலர்த்தும் முறைக்கு உதவாது.

‘ஆ’ ஏன் பிளந்தது

எனக்கு இதுதான் முக்கியமான கிண்ணம். இதில் நடுத்தண்டு இல்லை. நார்த் திசை ‘அ’-வில் உள்ளதேதான். அதே பை, அதே அறை. மாறியது கனம் மட்டும்.

கிண்ணத்தைப் பாதியாக அறுத்து, புது வெட்டில் ஈரமானியின் முள்ளைக் குத்திப் பார்த்தோம். சுவரில் காட்டிய ஈரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அடிப்பகுதியின் நடுவில் இருந்தது. படம் தெளிவாகிவிட்டது. 18 மி.மீ. சுவர் உலர்ந்து நாருக்குக் குறுக்கே சுருங்கப் பார்க்கிறது. அதன் கீழே 45 மி.மீ. அடி இன்னும் ஈரமாக, சுருங்காமல், பழைய அளவிலேயே முட்டுக்கொடுத்து நிற்கிறது. சுவரின் கீழ் ஓரம் அந்த அடியோடு பிணைந்திருப்பதால் சுருங்க முடியாமல் இழுபடுகிறது. மரம் நாரின் நீளத்தில் இழுத்தால் அசாதாரணமாகத் தாங்கும். நாருக்குக் குறுக்கே இழுத்தால் எளிதில் பிரியும். நாரின் முனை வெளியே தெரியும் இரண்டு பக்கங்களில்தான் அந்தப் பிரிவு ஏற்படும். விரிசல் தொடங்கிய இடம் அதேதான்.

இதைப் புரிந்துகொண்டால் ‘அ’ ஏன் பிழைத்தது என்பதற்குத் தனி விளக்கம் வேண்டாம். அதன் சுவர் ‘ஆ’-வின் சுவரைவிடத் தடிப்பானது. ‘தடித்தது வெடிக்கும், மெல்லியது பிழைக்கும்’ என்ற பொதுவான பேச்சுப்படி ‘அ’-தான் முதலில் போயிருக்கவேண்டும். ஆனால் அது முழுவதும் ஒரே கனம் என்பதால் ஒன்றாக உலர்ந்து, ஒன்றாகச் சுருங்கி, ஒன்றாகக் கோணிக்கொண்டது. கட்டையை வெடிக்கவைப்பது ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலுள்ள ஈர வேறுபாடு. வெட்டுமுகத்துக்கு மெழுகு பூசுவது, காகிதப் பை, காற்றோட்டம் குறைந்த அறை எல்லாமே அந்த வேறுபாட்டைக் குறைக்கும் உபாயங்கள்தாம். கனத்தை உளியே சமமாக்காவிட்டால் பையால் என்ன செய்ய முடியும்?

விரிசலைக் கண்ட அன்று நண்பர் கேட்டது நியாயமான கேள்விதான்.

“சின்ன விரிசல்தானே, பசை விட்டு ஒட்டி லேத்துல ஏத்திப் பார்க்கலாமா?”

“ஏத்தலாம், நீ எதிர்ல நிக்காத வரைக்கும்.”

கேலியாகச் சொன்னாலும் கணக்கு கேலியில்லை. 250 மி.மீ. கிண்ணம் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் பாய்கிறது, மணிக்கு 37 கிலோமீட்டர் அளவு. வேகத்தை இருமடங்காக்கினால் பறக்கும் துண்டின் ஆற்றல் நான்கு மடங்காகும். சுவரை ஊடுருவிய விரிசல் உள்ள கட்டையைப் பசையை நம்பி ஏற்றுவது என் கருத்தில் வேண்டாத வேலை. மேற்பரப்பில் நின்றுவிட்ட மயிரிழைக் கோடுகளுக்குச் சூப்பர் க்ளூ போதும். ஊடுருவியது வேறு சாதி.

‘அ’-வின் இரண்டாம் கடைசல்

உலர்ந்து வந்த ‘அ’ முட்டை வடிவில் இருந்தது. கட்டையை லேத்தில் பிடித்துக்கொள்ளும் சக்கின் தாடைகள் பிடிப்பதற்கென்று அடியில் விட்டிருந்த வட்டக் கழுந்தும் கோணிவிட்டது. பலர் இங்கே அப்படியே சக்கில் வைத்து இறுக்குவார்கள். கோணிய கழுந்தை நான்கு தாடைகளும் சமமாகப் பிடிக்காது. நண்பர் கிண்ணத்தின் வாயை லேத்தோடு சுழலும் ஒரு மரத்தட்டின் மேல் கவிழ்த்து, லேத்தின் எதிர்முனைத் தாங்கியான டெயில்ஸ்டாக்கை முன்னே கொண்டுவந்து கழுந்தின் மையத்தில் அழுத்தி, முதலில் கழுந்தை மட்டும் வட்டமாக்கினார். கழுந்தின் நுனி சக்கின் அடியைத் தொடாமல், அதன் தோள் தாடைகளின் முகத்தில் படிய உட்காரவேண்டும். பிடியின் உறுதி அந்தத் தோளில்தான் இருக்கிறது.

வேகத்துக்கு ஒரு பழக்கக் கணக்கு உண்டு: அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றுகளையும் பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவே வரவேண்டும். பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900. அது சமநிலையான கட்டைக்கு. முட்டை வடிவில் தள்ளாடும் கிண்ணத்தை அதற்கும் கீழே தொடங்கி, வட்டமாக வர வர ஏற்றினார்.

வெளிப்பக்கம் அடியிலிருந்து வாயை நோக்கி, உள்பக்கம் வாயிலிருந்து அடியை நோக்கி. இந்தத் திசையில் போனால் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் தாங்கலாக நிற்கும். இருந்தும் மாமரத்தில் நார் சில இடங்களில் பின்னிக்கொண்டு ஓடுவதால், நாரின் முனை தெரியும் இரண்டு பக்கமும் பிய்ந்து சொரசொரப்பாக நின்றது. உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துத் தீர்க்கலாம் என்று தோன்றும். அது தீராது: மற்ற இரண்டு பக்கமும் வேகமாகத் தேய்ந்து, கிண்ணம் மறுபடி வட்டம் தப்பும். உளியைப் புதிதாகத் தீட்டி, வெட்டுவாய்க்குப் பின்னால் உள்ள சாய்முகத்தைக் கட்டையில் தேய்த்தபடி, தலைமுடி கனத்துக்குக் கடைசி வெட்டுகள் ஓட்டியதும் பிய்ச்சல் போனது. பிறகு 120, 180, 240, 320 என்று, எண் கூடக்கூட நைசாகும் உப்புத்தாள்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறலை அழித்த பிறகே அடுத்தது.

காய்ந்த கட்டையின் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. மாமரத்தின் பாலும் பட்டையும் சிலருக்குத் தோலில் தடிப்பு ஏற்படுத்தும். நல்ல முகமூடி, முகம் முழுவதையும் மறைக்கும் கவசம், மணிக்கட்டில் இறுக்கமாக நிற்கும் சட்டைக் கை. கையுறை மட்டும் லேத் பக்கமே வரக்கூடாது. சுழலும் கட்டை அதைப் பிடித்தால் விரலோடு இழுக்கும்.

சுவர் கடைசியில் 8 மி.மீ. கனத்தில் நின்றது. கையிருப்பு தீராமல் மிச்சம் இருந்ததால் வாயோரத்தை விருப்பம்போல் மெலிதாக்கிக்கொள்ள முடிந்தது. மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்து, உலரவிட்டு, மறுபடி. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது, அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் போக வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடவேண்டும் அல்லது நீரில் நனைத்துவிடவேண்டும்.

‘ஆ’-வின் தடித்த அடியை வீணாக்க நண்பருக்கு மனமில்லை. விரிசல் இல்லாத பகுதியை நாரின் போக்கில் நான்கு சட்டங்களாக அறுத்து, முனைகளில் மெழுகு தடவி மறுபடி பைக்குள் வைத்திருக்கிறார். அவற்றின் எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. நின்றதும் உளிகளுக்குக் கைப்பிடி கடைவதாகத் திட்டம்.